பசிமேடு

பென்சில் மட்டும். பேனாவை வாசலில் வாங்கிக்கொள்வார்கள்.
ஹெர்ஃபோர்ட் ஆவணக் காப்பகம், நான்காம் மேசை.
ஆம்ப்ரோஸ் ட்ரெஸ்விக்கின் உயில்
ஈயச் சரங்களின் கீழே மல்லாந்து கிடக்கிறது.
நாள்: பிப்ரவரி பத்து, 1640.

தளர்ந்த உடலும் திடமான நினைவுமாய்
பிறர் தூண்டுதல் இன்றி
அவர் பங்கிடுகிறார்.
மூத்தவன் எவரார்டுக்கு ஓல்ட்கோட் மாளிகை,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்.
இளையவனுக்குச் சாம்பல் குதிரை, பழைய சேணம்.
மனைவி தாமசினுக்குக் கூடத்தின் மேலறையும் விறகும்,
மறுமணம் செய்யாதவரை.
பால் கறக்கும் சிஸிலிக்குத் தேன்கூடு ஒன்று, ஈக்களோடு.
மகள் உர்சுலாவுக்கு
ஒரு ஷில்லிங்.

அவ்வளவுதான்.
அந்த இடத்தில் மை தடித்திருக்கிறது.
எழுத்தர் இறகை மறுபடி தோய்த்திருக்கலாம்.
நான் அதைக் கோபம் என்று படித்தேன்.

இவர்கள் எனக்கு எந்த வகையிலும் உறவில்லை.
முப்பத்தொரு வருடம் மாவட்டக் கணக்குகளைத் தணிக்கை செய்தவள்.
என் வீட்டுப் பத்திரத்தில்
மேற்கெல்லை ‘பசிமேடு’ என்றிருந்தது.
யாருடைய பசி என்று கேட்கப் போய்
மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது.

லட்லோவில் ஒரு வழக்கறிஞரின் மாடி.
டட்லஸ்டன் என்று பெயர், எப்போதும் ஜலதோஷம்.
அவர் திறந்த தகரப் பெட்டியில்
எலிப்புழுக்கைக்கு அடியில் ஓர் ஆட்டுத்தோல்.
மே நான்கு, 1640.
இயல்பான தந்தையன்பை முன்னிட்டு
மேற்படி ஆம்ப்ரோஸ்
மேற்படி உர்சுலாவுக்கு
பசிமேடு ஏழு ஏக்கரும், ஆலையும், அதில் விழும் நீரும்
சர்வ சுதந்திரமாய்.

தோலின் தலைமாடு அலை அலையாய் வெட்டப்பட்டிருந்தது.
ஒரே தோலில் இரண்டு முறை எழுதி
நடுவில் கத்தி நெளிந்து போன தடம்.
மெல்லிய தாளை வைத்து அந்த நெளிவை வரைந்து
சுருட்டி, மடியில் வைத்து,
ரயிலில் ஹெர்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தேன்.
மகன் வீட்டுக் கட்டில் கிடந்த மற்றப் பாதியின் மேல் வைத்தேன்.
பல்லோடு பல் கடித்தாற்போல் உட்கார்ந்தது.

பிப்ரவரியில் ஒரு ஷில்லிங், மே மாதத்தில் ஏழு ஏக்கர்.
தந்தை மனமிரங்கிவிட்டார்!
இந்தக் கதையை ஆறு பேரிடம் சொன்னேன்,
என் பல் மருத்துவர் உட்பட.
சொல்லும்போது எனக்கே குரல் கம்மியது.

காப்பகத்து ரொவேனா
பெட்டிக்கு எண் ஒட்டிக்கொண்டே கேட்டாள்:
“பழைய கணக்கில் வருடம் மார்ச் இருபத்தைந்தில்தானே பிறக்கும்?”

பிறக்கும்.
ஆகவே 1640-இன் மே முதலில்,
1640-இன் பிப்ரவரி அதற்கு ஒன்பது மாதம் பின்னால்.
தணிக்கைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலம் முன்னே, ஷில்லிங் பின்னே.
டட்லஸ்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
பங்கு வாங்கிய பெண் வழக்குக்கு வராமலிருக்கப்
பேருக்கு எழுதும் தொகை, வெறும் சடங்கு.
இருக்கலாம்.
ஒன்பது மாதம் என்பது எது வேண்டுமானாலும் நடக்கப் போதுமான காலமும்கூட.
அந்தக் கோடையின் கடிதங்கள் எதுவும் மிஞ்சவில்லை.

மிஞ்சியது எவரார்டின் கணக்கு.
சவப்பெட்டி, மணியடித்தவனுக்குப் பீர்,
சிஸிலியின் தேன்கூட்டைத் தூக்கிப்போன கூலி.
பிறகு: ‘தங்கை உர்சுலாவுக்கு, ஒரு ஷில்லிங்.’
ஓரத்தில், வேறு மையில்:
‘வாங்க மாட்டேன் என்றாள்.’

செலவுக்குள் அதைச் சேர்த்திருக்கிறான்.
கையிருப்பிலும் சேர்த்திருக்கிறான்.
நான்கு முறை கூட்டிப் பார்த்தேன்.
கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல்
அந்த ஒரு ஷில்லிங்
இரண்டு பக்கமும் இடிக்கிறது.

அலுவலகமாக இருந்தால் சிவப்பில் சுழித்துத் திருப்பியனுப்பியிருப்பேன்.
மணி ஐந்து. ரொவேனா விளக்குகளை அணைத்துக்கொண்டு வருகிறாள்.
கட்டை நாடாவால் கட்டிக் கொடுத்தேன்.
முடிச்சு கொஞ்சம் தளர்வாகத்தான் விழுந்தது.